என்னைத் தராசாக வைத்து நீ எடுத்த புத்தகம்

அன்புள்ள மகள் பூங்கொடிக்கு,

யாரும் நம்பப் போகாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன். சும்மா இல்லை, காலையில் பாத்திரக் கடை திறந்ததும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட தராசின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறேன். மூன்று சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில், இந்தக் கதையைக் கேட்டு முடிக்க நாலாவதாக ஒரு சங்கம் வைக்க வேண்டியிருக்கும். கேட்டவர்களில் பாதிப் பேர் மயங்கி விழுவார்கள், மீதிப் பேர் என்னை அடிக்க வருவார்கள். நீ எந்தப் பாதியில் இருக்கப் போகிறாய் என்று தெரியவில்லை. எதற்கும் உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று மத்தியானம் நீ கடைக்குப் போன் செய்தாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் சித்தி இதை நம்ப மாட்டாள். "ரெண்டாவது தடவை ரசம் கேட்ட மனுசனுக்குச் சோறு இறங்கலையாம்" என்பாள். ரசம் வேறு, சோறு வேறு. கப்பலூர் தாண்டி இருக்கிற உன் கல்லூரியில் நீ லெக்சரராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் துறைத் தலைவர் உன்னிடம், ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் பாடத்துக்கு எந்தப் புத்தகத்தைப் பையன்களும் பெண்களும் வாங்க வேண்டும் என்று திங்கட்கிழமை சொல்லச் சொல்லியிருக்கிறார். நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "சித்தப்பா, நான் படிச்சது சின்னப்புள்ளைக புக்கு. அதையே இவுகளுக்கும் குடுத்தா நல்லாவா இருக்கும்? அந்தப் பெரிய புக்கு இன்னும் கடையில இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை வாரேன். அதையும் இன்னும் ரெண்டு புக்கையும் உங்ககிட்ட வாசிச்சுக் காட்டுறேன். அந்தப் புக்கு புரிஞ்ச ஒரே ஆளு நம்ம வீட்ல நீங்கதானே?"

நான் "வா தாயி, வா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நேரில் சொன்னால் நான் கதையளந்து, நீ சிரித்து, விஷயம் கரைந்து போய்விடும். என் சுபாவம் உனக்குத் தெரியும். வெட்கம் வந்தால் மற்றவர்களுக்குத் தலை குனியும், எனக்கு வாய் நீளும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். படித்துவிட்டு உன் வகுப்பிலும் வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

உன் அப்பா, என் அண்ணன், நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து உன்னை வளர்த்தது நான்தான் என்று கடை இருக்கிற எழுகடல் தெருவிலிருந்து விளாங்குடி வீடு வரை சொல்லிக்கொண்டு திரிகிறேன். வளர்த்தது உன் அம்மாவும் உன் சித்தியும். பீற்றிக்கொள்ளும் இலாகாவை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன், அதில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. நீ எம்.சி.ஏ. சேர்ந்ததும் பாத்திரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். டம்ளரில் பெயர் வெட்டிக் கொடுக்கிற நேரத்துக்குள், என் மகள் கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கப் போகிறாள் என்று சொல்லி முடித்துவிடுவேன். ஒரு கல்யாணப் பெண்ணின் குடத்தில் அவள் பெயருக்குப் பதிலாக உன் பெயரை வெட்டிவிட்டேன். அது பொய் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள்.

இரண்டாம் வருஷம் நீ ஒரு நாள் வந்து, "சித்தப்பா, ஓஓபி பேப்பருக்கு, அதான் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்குக்கு, ஒரு புக்கு வேணும். லைப்ரரில ஒரு புக்கு எடுத்திருக்கேன், ஆனா திருப்பிக் குடுக்கணும்" என்றாய். நீயே போய்ப் பார்த்து வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நான்தான், "புத்தகம் வாங்க உனக்கென்ன தெரியும்?" என்று புது மண்டபத்துக்கு நடந்தேன். அங்கே ஒரு பக்கம் தையல் மிஷின் ஓடும், ஒரு பக்கம் புத்தகம் குவிந்து கிடக்கும். கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர்தான், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் சீர்ப் பாத்திரம் போட்டேன்.

"என்ன படிப்புக்குண்ணே?" என்றார். வழியெல்லாம் மந்திரம் போல மனப்பாடம் செய்துகொண்டு போன அந்த நீளமான பெயரைச் சொன்னேன்.

"சி பிளஸ் பிளஸ்ஸா, ஜாவாவா?"

"ரெண்டுல எது கனம்?"

அவர் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். "அண்ணே, இது புக்கு. அண்டா இல்ல."

எனக்கு வேறு என்ன தெரியும், மகளே? எவர்சில்வரானால் எடை, பித்தளையானால் எடை. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு எடுக்க வருகிறவர்களுக்கும் எடை. லேசான பாத்திரம் சீக்கிரம் நசுங்கும், கனமான பாத்திரம் பேத்தி காலம் வரைக்கும் வரும். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நான் இப்படித்தான் எடுத்திருக்கிறேன். அவர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை இழுத்தபோது திருப்பரங்குன்றத்து மலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "இது வெளிநாட்டுக்காரர் எழுதினதுண்ணே. ஆனா இது ஏற்கெனவே தெரிஞ்சவங்க சந்தேகம் வந்தாப் புரட்டிப் பார்க்கிற புக்கு. பழைய பதிப்பு வேற. புதுசாப் படிக்கிற புள்ளைக்கு வேற ஒண்ணு தாரேன், இருங்க" என்றார். அவர் அம்புட்டுத் தெளிவாகச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் மகளை யாருன்னு நினைச்சீக? புதுசாப் படிக்கிறவளா அவ?" என்று அவரிடம் ஏறினேன். நீ புதிதாகத்தான் படிக்கப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். படிக்கப் போகிற பிள்ளை புதியவள் என்று ஒத்துக்கொள்வதே எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியதும் டவுன் பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது, கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார், பாலத்தைத் தாண்டும்போது பயந்துபோய் வைகையில் தண்ணீர் வந்தது. வைகையில் தண்ணீர் வந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் இதை அதிகம் வெளியில் சொல்வதில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வருகிறேன். வருவதற்கு மனம் இல்லை, இன்னும் இரண்டு மலையைச் சாய்க்கலாமா என்றுதான் பார்த்தேன். நீ முன்னறையில் தரையில் உட்கார்ந்து, நான் வாங்கிய தடிப் புத்தகத்தையும் நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒல்லிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். "ரெண்டுலயும் ஒரே பாடத்தை வாசிச்சு, வரிக்கு வரி தமிழ்ல சொல்றேன், சித்தப்பா. நானா எதுவும் சேர்க்க மாட்டேன். எது புரியுதுன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டரே தெரியாதவங்களுக்கும் முதல் பாடம் புரியணும்னு எங்க மேடம் சொன்னாக. அந்த மாதிரி ஆளு நம்ம வீட்ல நீங்கதான்."

"நம்ம வீடு என்ன, மதுரைக்கே இவருதான்" என்றாள் உன் சித்தி, சமையல்கட்டிலிருந்து.

நீ கண்டுபிடித்த சோதனை எவ்வளவு நல்ல சோதனை என்று இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அட்டையைப் பார்க்காமல், தடிமனைப் பார்க்காமல், எழுதியவரின் பட்டத்தைப் பார்க்காமல், ஒரே பாடத்தை இரண்டு புத்தகத்திலும் எடுத்து, ஒன்றும் தெரியாதவன் காதில் போட்டுப் பார்ப்பது. நாங்கள் குடத்தைக் கவிழ்த்துச் சுண்டிப் பார்ப்பது போல. அதற்குச் சுண்டிப் பார்க்கிற விரல் நேர்மையாக இருக்க வேண்டும்.

முதலில் தடிப் புத்தகத்தை வாசித்தாய். தகரத்தில் மழை விழுகிற சத்தம் போல ஒரே சீராக விழுந்தது. ஒரு வார்த்தைக்கு விளக்கம், அந்த விளக்கத்துக்குள் இன்னும் இரண்டு புது வார்த்தை, அதற்கு முந்நூறாம் பக்கம் பார்க்க என்று ஒரு குறிப்பு. நான் கண்ணை மூடித் தலையாட்டினேன். "எப்படி சித்தப்பா?" என்றாய். "கண்ணாடி மாதிரி இருக்குத்தா" என்றேன். "என்ன புரிஞ்சதுன்னு ஒரு வாட்டி சொல்லுங்களேன்" என்று கேட்டாய். "அதெல்லாம் அனுபவிக்கணும், சொல்லக் கூடாது" என்றேன். உன் சித்தி உள்ளே கரண்டியைக் கீழே போட்டாள்.

பிறகு ஒல்லிப் புத்தகம். உன் பக்கத்தில் இருக்கிற ஒரு பொருளை எடுத்துக்கொள் என்றது முதல் பக்கம். அதற்கு என்ன தெரியும் என்று எழுது. அதனால் என்ன செய்ய முடியும் என்று எழுது. உள்ளே திறந்து பார்க்காதே, வெளியிலிருந்து கேட்டாலே அது பதில் சொல்ல வேண்டும். இதை எழுதி முடித்த பிறகு அடுத்த பக்கம் திருப்பு. அவ்வளவுதான். நீ வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். கொஞ்சம் அதிக நேரமாகிவிட்டது. "தண்ணி குடிக்க வந்தவரு குக்கரப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு, என்னன்னு கேளு" என்று உன் சித்தி குரல் கொடுத்தாள். விசிலை எண்ணுகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, துண்டை உதறி, "என்னத்தா இது, சின்னப்புள்ளைக பாடம் மாதிரி இருக்கு. எம்.சி.ஏ. படிக்கிற புள்ள படிக்கிற புக்கா இது? பெரிய புக்கையே படி" என்றேன். நீ ஒல்லிப் புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

இத்தனை வருஷ வியாபாரத்தில் படிக்கல்லில் நான் ஒரு குன்றிமணி ஏமாற்றியதில்லை. இதில் கூட்டிக் குறைத்து எதுவும் சொல்லவில்லை, எழுகடல் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேள். வீட்டில், சொந்தப் பிள்ளை என்னையே தராசாக நிறுத்தியபோது, முள்ளை விரலால் அமுக்கினேன்.

அதற்கு மேல் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். அந்தப் புத்தகத்தோடு நீ ஒரு செமஸ்டர் மல்லுக்கட்டினாய். அதில் இருந்த புரோகிராமை அப்படியே அடித்தாலும் உன் லேபில் இருந்த கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பதிப்பு பழையது, மிஷின் புதியது. புது மண்டபத்துக்காரர் சொன்னது உன் காதுக்கு வரவே இல்லை, என் காதோடு நின்றுவிட்டது. நீ உன் மேல்தான் தப்பு என்று எண்ணி ராவும் பகலும் அதே பக்கத்தைப் படித்தாய். உன் அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார், "ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்திருவேன் தம்பி, திருப்பரங்குன்றத்து மாப்ள வீட்டுக்காரக கேட்டுக்கிட்டே இருக்காக" என்று. அந்தப் பேப்பர் போயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் உன் காலைப் பார்த்தேன். பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பான புத்தகம் வாங்கிக் கொடுத்தது நான்தான் மதனி, இவளை விட்டுவிடுங்கள் என்று. உலகத்தில் உள்ள எல்லாப் பொய்யும் சரளமாக வருகிற இந்த வாயில் அந்த ஒரு வரி வரவில்லை. அதற்குப் பதிலாக, "கெட்டிக்காரப் புள்ளதான். ஆனா பெரிய படிப்பு ஏறல" என்றேன். ரொம்ப வருத்தப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வேறு சொன்னேன்.

உன்னைக் காப்பாற்றியது நான் இல்லை. நீயே வெளியில் வந்து, "அம்மா, அடுத்த பரீட்சை வரைக்கும் விடு. அதுலயும் போச்சுன்னா நீ சொல்ற இடத்துல கழுத்தை நீட்டுறேன்" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டாய். உன் அம்மா, "அதுவரைக்கும்தான்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டோம் என்று எழுந்து போனார்கள். வாசல்வரை போய் அவர்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

அதன் பிறகு தடிப் புத்தகத்தை நீ திறக்கவில்லை. ஒல்லிப் புத்தகத்தை மறுபடி எடுத்துவந்து, ஒவ்வொரு பாடத்திலும் அதிலிருந்த விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் உன் விடையை எழுதினாய். ஒரு நாள் விளாங்குடி பஸ் ஸ்டாப் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கு என்னைக் கூட்டிப்போய், நம் கடையை அதற்குள் காட்டினாய். பாத்திரம் என்று ஒன்று எழுதி, அதிலிருந்து குடம், அண்டா, டம்ளர் என்று பிறக்க வைத்திருந்தாய். ஒவ்வொன்றும் கேட்டால் தன் எடையைத் தானே சொன்னது, தன் மேல் வெட்டிய பெயரையும் சொன்னது. ஒரு டம்ளர் உன் அப்பா பெயரைச் சொன்னது. சென்டர்க்காரர், "நல்லா பண்ணியிருக்காகண்ணே" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "இதெல்லாம் சின்னப்புள்ளைக வேலைண்ணே" என்றாய். அது என் வார்த்தை. உன் வாயிலிருந்து வந்தது.

பேப்பரில் பாஸான அன்றைக்கு ஸ்வீட் டப்பாவோடு கடைக்கு வந்து, "நீங்க சொன்னது சரிதான் சித்தப்பா. எனக்குச் சின்னப்புள்ளைக புக்குதான் லாயக்கு" என்றாய். நான் பெரிதாகச் சிரித்தேன். தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் லட்டு கொடுத்தேன். என் மகள் வாங்கிய மார்க்கைக் கேட்டு மீனாட்சி கோயில் யானை மூன்று தரம் பிளிறியது என்று சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. நீயும் அந்த நினைப்பை மடியில் கட்டிக்கொண்டே படித்து, வேலைக்கும் போய்விட்டாய். இப்போது உன் எதிரில் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு, நீ கற்றுக்கொண்ட புத்தகத்தை விட்டுவிட்டு, உன்னைத் தோற்கடித்த புத்தகத்தைக் கொடுக்கப் போகிறாய். அதுவும் என் சொல்லை நம்பி. அதில் ஒரு பிள்ளை வீட்டிலாவது இப்படி ஒரு கதவு இருக்கும், கதவுக்குப் பின்னால் ஒரு கால் இருக்கும்.

அதனால் கேள். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை, நீ செய்ததைத்தான் உனக்கே திருப்பிச் சொல்கிறேன். எடையைப் பார்க்காதே. முதல் பாடத்தில் இது எதற்கு என்று சொல்கிறதா பார். பழைய மாதிரி எழுதுவதையே முக்கால் புத்தகத்துக்குச் சொல்லிவிட்டு, கடைசியில் ஆப்ஜெக்டைச் சேலைக்கு ஓரம் அடித்த மாதிரி ஒட்டியிருந்தால் கீழே வை. உங்கள் லேபில் இருக்கிற மிஷினில் அதன் புரோகிராம் ஓடுகிறதா என்று நீயே உட்கார்ந்து அடித்துப் பார். பிள்ளையைத் தானாக ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு அப்புறம் வழி காட்டுகிறதா என்று பார். கேள்விக்குப் பதில் மட்டும் அச்சடித்த கைடு பரீட்சை ஹால் வாசலோடு நின்றுவிடும். தடிப் புத்தகத்தையும் தூக்கிப் போட வேண்டாம். புது மண்டபத்துக்காரர் சொன்னது போல, தெரிந்த பிறகு புரட்டிப் பார்க்க அது நல்ல புத்தகமாக இருக்கலாம். இப்போதைக்கு அது கடையில் ஃபேன் காற்றில் பழைய பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஒரு பிள்ளை புரியவில்லை என்று சொன்னால், பிள்ளையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் புத்தகத்தைச் சந்தேகப்படு. அதற்கும் முன்னால் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவனைச் சந்தேகப்படு.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் கொண்டுவா, வாசி. புரியாததைப் புரியவில்லை என்று சொல்வேன். உன் சித்தியை எதிரில் உட்கார வைத்துக்கொள், நான் தலையாட்டினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். உன் அம்மாவையும் கூப்பிட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் எழுதியதை அவரிடமும் என் வாயால் சொல்ல வேண்டும்.

கதை முடிந்தது. மலை சாயவில்லை. பஸ்ஸும் சாயவில்லை, கண்டக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைகையில் தண்ணீர் வரவில்லை, யானை பிளிறவில்லை, அந்தக் கல்யாணப் பெண் குடத்தில் அவள் பெயரைத்தான் வெட்டினேன். தடிப் புத்தகம் கண்ணாடி மாதிரி இருந்தது என்றது எல்லாவற்றிலும் பெரிய பொய். இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரே ஒரு சின்ன உண்மை உண்டு. அன்றைக்கு அடுப்படியில் நான் விசிலை எண்ணவில்லை, ஒல்லிப் புத்தகம் கேட்டதைக் குக்கரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். குக்கருக்கு என்ன தெரியும், உள்ளே எவ்வளவு ஆவி நிறைந்திருக்கிறதென்று தெரியும். அதனால் என்ன செய்ய முடியும், விசில் அடிக்க முடியும். மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், அதை நினைத்துத் திகைத்துப்போய் நின்றேன். எனக்கே விளங்குகிறதென்றால் இது என்ன பெரிய படிப்பாக இருக்க முடியும் என்று எண்ணித்தான் வந்து அப்படிச் சொன்னேன். அந்தச் சின்னப் புத்தகம் எனக்குப் புரிந்தது, தாயி.

இப்படிக்கு,
உன் சித்தப்பா